உள்ள எடம் கெடக்கு

வல்லப்பத்து ரோட்டில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிட்டால், யார் பின்னால் எடுப்பது என்று முடிவாவதற்குள் கூடையில் இருக்கிற பிச்சிப்பூ வாடிவிடும். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ரோட்டை முட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள், நடுவில் கிடந்த தாரோ என்றைக்கோ ஒரு மாட்டுவண்டியை மனசில் வைத்துப் போட்டது, அதில்தான் வாழைத்தார் லாரியும் செங்கல் டிராக்டரும் பள்ளிக்கூட வேனும் மாப்பிள்ளை காரும் பிரசவ வலியோடு வருகிற ஆஸ்பத்திரி வண்டியும் போகவேண்டும், வரவேண்டும், ஒன்றையொன்று பார்த்து முறைக்கவேண்டும் என்று அந்த ஊர் தலையில் எழுதியிருந்தது.

அந்த ரோட்டில் ஓடிய மினி பஸ்ஸுக்கு ஆவுடையப்பன் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவன் பிழைத்தது இரண்டே வாக்கியத்தில். சீட்டில் அகலமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்கம்மா" என்பான். படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து, "உள்ள வாங்க, உள்ள எடம் கெடக்கு" என்பான். முதலாவது வேண்டுகோள், இரண்டாவது பச்சைப் பொய். எள்ளைப் போட்டால் கீழே விழாத கூட்டத்துக்குள் இடம் கிடக்கிறது என்று அவன் சிரிக்காமல் சொல்லுவான், சனங்களும் அதை நம்பாமலேயே உள்ளே போவார்கள்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று ரோட்டு ஆபீஸிலிருந்து இன்ஜினியர் நஸ்ரின் மேடம் வந்து டேப் பிடித்தது அந்தச் சித்திரையில்தான். கால்வாய்ப் பக்கம் கை வைக்க முடியாது, ஆகவே வீட்டுப் பக்கம்தான் எடுக்கவேண்டும் என்றார். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சிவப்புப் பெயிண்ட் கோடு விழுந்தது. ஒரு வீட்டில் கோடு பூஜை மாடத்தின் மேல் ஓடியது, ஒரு வீட்டில் தொட்டில் கட்டியிருந்த உத்தரத்தை வெட்டியது. ரோடு வேண்டாம் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. தன் வீட்டுக்குள் இருந்த கோட்டை மட்டும் துணி போட்டு மூடிவைத்தார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு காலையில், வாழைத்தார் லாரியும் மினி பஸ்ஸும் மாவுமில் வீட்டுக்கு முன்னால் மாட்டிக்கொண்டன. லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தான், பஸ்ஸில் இருந்த பள்ளிக்கூடத்து டீச்சர் அழ ஆரம்பித்தாள், மாவுமில் வீட்டுச் சுவர் பஸ் ஜன்னலை உரசிக்கொண்டு நின்றது. படியில் தொங்கிய ஆவுடையப்பன், பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டுகிற மாதிரி அந்தச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, யோசிக்காமல், வாய்ப்பழக்கத்தில், "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்கம்மா" என்றான்.

வீடு ஒதுங்கிக்கொண்டது.

ஆட்டுக்கல்லை இழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த மாவுமில்காரர் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏவே, சொல்லிட்டு நகத்தக் கூடாதா, கஞ்சி கையில பட்டிருந்தா யாரு சொகம் கேப்பா?" என்றாள். "மன்னிச்சிக்கிடுங்க அக்கா" என்ற ஆவுடையப்பன் விசில் ஊதினான், பஸ் போனது, டீச்சர் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

வீடு ஏன் நகர்ந்தது என்று வல்லப்பத்தில் யாரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஏன் யாரும் அதனிடம் கேட்கவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து ஆவுடையப்பனுக்குப் படியை விட்டு இறங்கமுடியாத கிராக்கி. கோலம் போட்டு முடித்த பெண்கள் வாசலில் காத்து நின்றார்கள்; பஸ் மெதுவாக ஊர்ந்து வரும், அவன் கையை நீட்டிச் சுவரைத் தட்டுவான், சொல்லுவான், வீடு தன் புறவாசலைப் பார்த்து ஓரடியோ ஒரு முழமோ உட்கார்ந்தபடிக்கே நகரும், குடத்துத் தண்ணீர் தளும்பாது, தொட்டிலில் பிள்ளை விழிக்காது, சுவரில் காலண்டர் மட்டும் கொஞ்சம் கோணிக்கொள்ளும். லைன்மேன் ஏணியோடு பின்னாலேயே வந்து கரண்ட் கம்பியை நீட்டிக் கொடுத்தார்.

எல்லா வீடும் ஒரே குணம் என்று சொல்லமுடியாது. வாடகை வீடுகள் தட்டுவதற்கு முன்பே நகர்ந்தன. பம்பாயில் இருப்பவர் பூட்டிப்போட்ட வீடு அசையவே இல்லை. அவருக்கு போன் போட்டு, போனைச் சுவரில் வைத்து, அவர் வாயால் கேட்ட பிறகுதான் நகர்ந்தது, கேட்டவர் அங்கே அழுதாராம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், "பொதுக் காரியம்தானே, தாராளமா" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார், வீடு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அவர் வாசற்படியில் தனியாக உட்கார்ந்து தன் மனசோடு பேசி முடித்து ஒரு காபி குடித்து எழுந்த பிற்பாடு மிச்சத்துக்கும் நகர்ந்தது.

கிணறும் மரமும் கல்லும் நகராது என்பதைப் போகப்போகத்தான் கண்டுகொண்டார்கள். ஒரு வீடு தன் புறவாசல் கிணற்றின் மேல் போய் உட்கார, அந்த வீட்டு அம்மாள் அடுப்படியிலேயே தண்ணீர் இறைத்துக்கொண்டு, "இந்தப் புத்தி மொதல்லயே வந்திருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும்" என்றாள். இன்னொரு வீட்டின் கூடத்தில் கறிவேப்பிலை மரம் வந்து நின்றது. அதை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை, ஓட்டில் ஒரு துவாரம் விட்டுக்கொடுத்தார்கள். ரோட்டோரத்து இசக்கியம்மனைத் தட்டலாமா என்று ஊரே பயந்தபோது, ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றி வாயைத் திறக்குமுன்னே அம்மன் வேப்பமரத்தையும் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள்தான் படுத்தின. அது நகராமல் இது நகராது, இது நகராமல் அது நகராது. அவன் இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்துத் தட்டி ஒரே வாக்கியத்தில் சொன்னான், இரண்டும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சமமாகப் பின்வாங்கின.

நஸ்ரின் மேடம் திரும்ப வந்து டேப் பிடித்தபோது சிவப்புக் கோடுகள் எல்லாம் வீடுகளோடு போயிருந்தன. தண்ணீர் வாங்கிக் குடித்து, மேலதிகாரிக்குப் போன் போட்டார். வீடு நகர்வதற்கு விதியில் இடமில்லை, நகரக்கூடாது என்றும் விதியில் இல்லை என்று பதில் வந்தது. அவர் தரையில் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு ஒன்று இழுத்தார்.

"இதுக்குப் பின்னால போயிட்ட வீட்டை நாங்க தொடமாட்டோம். முன்னால நிக்கிறதை மட்டும் இடிச்சாகணும், வேற வழியில்லை. ரோடு ஒரே ஒரு வீட்டுக்காக வளைஞ்சா அங்கதான் ஆளு சாவும்" என்றார். சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தார், அவர் பார்வை ஒரு வீட்டில் வந்து நின்றது.

அது தையல்காரர் சங்கிலியின் வீடு. சங்கிலி ஆவுடையப்பனின் கூடப்பிறந்த அண்ணன்.

எல்லா வீட்டையும் தட்டின கை அந்த வீட்டுக்கு முன்னால் வரும்போது மட்டும் சட்டைப் பைக்குள் போய்விடும் என்பதை ஊர் கவனித்திருந்தது. காரணமும் ஊருக்குத் தெரியும். பாகம் பிரித்தபோது ரோட்டுமுகத்து முன்வீடு அண்ணனுக்கு, அதன் முதுகோடு ஒட்டின பின்வீடு தம்பிக்கு, தம்பி போக வர முன்வீட்டின் பக்கவாட்டில் ஒரு முடுக்கு, அதாவது ஒரு ஆள் நடக்கிற சந்து. அந்த முடுக்கில் சங்கிலி ஒரு துவைகல்லைப் போட்டார். ஒரு ஆள் நடக்கிற சந்து ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற சந்தாயிற்று. ஆவுடையப்பனுக்குக் கல்யாணமாகி, கோமு சீராகக் கொண்டுவந்த பீரோ அந்த முடுக்கில் நுழையாமல் முட்டி நின்றது. "ரெண்டு நாளைக்கு இங்கன கெடக்கட்டும்" என்று அதை அண்ணன் வீட்டு முன்னறையில் வைத்தார்கள்.

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. இத்தனைக்கும் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை, ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை. கல்லை எடு என்று கேட்டுத்தான் எடுக்கவேண்டுமா, கண் இல்லையா என்று தம்பி இருந்தான். கேட்கட்டுமே, வாயில் கொழுக்கட்டையா என்று அண்ணன் இருந்தார். அப்படியே வருடங்கள் போய் அந்த மௌனம் சுவர் மாதிரி இறுகிவிட்டது. கல்யாணப் பட்டு பீரோவிலும் பீரோச் சாவி பின்வீட்டு சாமிப்படத்து ஆணியிலும் இருக்க, கோமு ஊர்க் கல்யாணங்களுக்கு எல்லாம் நூல்சேலையிலேயே போய்வந்தாள்.

சங்கிலி தன் வீட்டைத் தானே தட்டிப் பார்த்தார். பணிவாகக் கேட்டார், சத்தமாகக் கேட்டார், சூடம் காட்டிக் கேட்டார். வீடு ஆசையோடு ஒரு நடுக்கம் நடுங்கியது, முதுகில் தம்பி வீடு இடிக்க, அப்படியே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த மாவுமில்காரர், "முன்னால நிக்கவன் நகரணும்னா பின்னால நிக்கவம்லா மொதல்ல நகரணும், இது பஸ்ஸுல ஏறுனவனுக்கெல்லாம் தெரிஞ்ச விசயம்" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் கோமு ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா? ஊருல உள்ள வீட்டுக்கெல்லாம் சொல்லுதீங்க. நம்ம வீட்டுக்கு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போவும்?"

"எனக்கு வழி விடாதவனுக்கு நான் எடம் விடணுமோ?"

"தையக்கார அத்தானுக்கு அந்த முன்னறைதான் சோறு. மிஷினப் போட்டு உக்கார வேற எங்கன எடம் இருக்கு அவியளுக்கு?"

"அத அவன் கல்லப் போடும்போது நெனச்சிருக்கணும்."

ரசத்தில் உப்பே இல்லை என்பதை ஆவுடையப்பன் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லத் துணியவில்லை. கை கழுவப் போனவன் புறவாசலைப் பார்த்தான். ஆட்டுக்கொட்டகையைத் தாண்டி, எலுமிச்சையைத் தாண்டி, வாழைத்தோட்டம் வரைக்கும் இடம் சும்மாதான் கிடந்தது. ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு இடம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், அது தெரிந்ததுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வீடு இடிக்கிற மஞ்சள் மிஷின் வந்தது. ரோடு முழுக்க விரிந்து கிடந்தது. வாழைத்தார் லாரியும் டிராக்டரும் சாவகாசமாக ஒதுங்கிப் போயின, சங்கிலியின் வீடு மட்டும் வாயில் ஒற்றைத் தெற்றுப்பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மிஷின் அதற்கு முன்னால் வந்து நின்றதால் மினி பஸ் பின்னால் நின்றது. நஸ்ரின் மேடம் குடைக்குள் நின்றுகொண்டு, "வீட்டுக்குள்ள யாரும் இல்லையே?" என்று கேட்டார். "தையக்காரர் இன்னும் வெளிய வரல மேடம்" என்றார்கள்.

பஸ்ஸின் படியில் நின்ற ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. சாமி சத்தியமாக, அண்ணன் ஞாபகம் வரவில்லை, பீரோதான் வந்தது. குதித்து இறங்கி, மிஷினைக் கையைக் காட்டி நிறுத்தி, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த முன்வாசலில் கால் வைத்தான்.

அறை காலியாக இருந்தது. துணி அடுக்குகிற பலகை இல்லை, ஆணியில் தொங்குகிற பள்ளிக்கூட யூனிபாரம் இல்லை, தையல் மிஷின் கூட இல்லை. பீரோ மட்டும் நின்றது, அதன் பக்கத்தில் தரையில் சங்கிலி உட்கார்ந்திருந்தார், மதினி பிரமு பீரோவின் கைப்பிடியைப் பிடித்தபடிக்கு நின்றாள். பீரோ வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி மினுங்கியது. அதன் நெற்றியில் சந்தனப் பொட்டும் குங்குமமும், அதற்குக் கீழே காய்ந்த குங்குமம், அதற்கும் கீழே இன்னும் காய்ந்தது, ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் தையல் மிஷினுக்கு வைத்த கையோடு வைத்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றாள் பிரமு. "ஒங்க பீரோவத்தான் என்ன செய்யன்னு தெரியல. முடுக்குல போவாது, ரோட்டுல போட மனசு கேக்கல. ஒங்க அண்ணன் இத விட்டுட்டு வரமாட்டேன்னு உக்காந்துட்டாவ."

ஆவுடையப்பன் பீரோவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஒரே ரோட்டில் தினமும் பஸ்ஸில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்து இதை அவன் பார்க்காமல் விட்டிருந்தான்.

"அந்தக் கல்ல…" என்று ஆரம்பித்தான்.

"நீ கேப்பேன்னு இருந்தேம்லே" என்றார் சங்கிலி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பஸ்ஸுல ஏறுத அறியாத சனத்தையெல்லாம் அம்மா ஐயான்னு கேக்க. எங்கிட்ட ஒருவாட்டி கேக்கல."

"நீங்களா எடுப்பீங்கன்னு இருந்தேம்ணே."

வெளியே மிஷின்காரன் ஆரன் அடித்தான். ஆவுடையப்பன் முன்னறையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்ற பின்சுவருக்குப் போனான். கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான். ஒதுங்கிக்கிடுங்கம்மா என்று முதல் வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கேயே செத்துப்போனது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது அவன் சொந்த வீடு, ஒதுங்கவேண்டியவன் அவன்தான். அவனுக்குத் தெரிந்தது இன்னும் ஒரு வாக்கியம்தான். அவன் திரும்பி, அண்ணனைப் பார்த்து, அதைச் சொன்னான்.

"உள்ள வாங்கண்ணே. உள்ள எடம் கெடக்கு."

பொய்யாகவே சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வாக்கியம் அன்றைக்குத்தான் முதல்முதலாக மெய்யாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல் இழுபடுகிற சத்தம் கேட்டது, கோமு "யாத்தீ" என்பது கேட்டது, பின்வீடு ஆட்டுக்கொட்டகையைத் தள்ளிக்கொண்டு எலுமிச்சையைச் சுற்றிக்கொண்டு வாழைத்தோட்டத்து வேலி வரைக்கும் போய் உட்கார்ந்தது. அது விட்ட இடத்துக்குள் முன்வீடு, உள்ளே இருந்த சங்கிலியையும் பிரமுவையும் ஆவுடையப்பனையும் பீரோவையும் சேர்த்துக்கொண்டு, இத்தனை நாள் நின்றுகொண்டே வந்த பயணி சீட்டுக் கிடைத்ததும் உட்காருகிற மாதிரி பெருமூச்சோடு வந்து பொருந்தியது.

வெளியே சனங்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். நஸ்ரின் மேடம் குடையை மடக்கி, குனிந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே கைப்பையை வைத்துப் பார்த்து, இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது என்று சிரித்தார். மிஷின்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு மாவுமில்காரர் வீட்டில் இட்லிக்கு உட்கார்ந்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், "கண்டக்டரே, சொந்தக்காரங்களோட கொலாவுதது போதும், வண்டிய எடுங்க" என்று கூப்பாடு போட்டார்கள்.

கல் நகராது என்று சொன்னேன் அல்லவா. வீடுகள் போய்விட்டன, முடுக்கும் வீடுகளோடு போய்விட்டது, அந்தத் துவைகல் மட்டும் இருந்த இடத்திலேயே, புது ரோட்டின் ஓரத்தில், கோட்டை ஒட்டித் தனியாகக் கிடந்தது. அதை எடுத்துப் போடுகிறேன் என்று சங்கிலி கடப்பாரையோடு வந்தார். ஆவுடையப்பன்தான், "கெடக்கட்டும்ணே, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உக்காரட்டும்" என்றான்.

பீரோ சாயங்காலமே முடுக்கு வழியாகப் போனது. அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை, இரண்டு பக்கமும் இடிக்கவில்லை. கோமு ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். துருப்பிடித்திருக்கும் என்று பயந்த பூட்டு ஒரே திருகில் திறந்தது. மதினி பூட்டின் வாயில் மாசாமாசம் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறாள்.

ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்குக் கோமு அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டாள். அவளும் பிரமுவும் கல்யாணத்துக்குப் போக ரோட்டோரம் வந்தபோது கல்லில் ஏற்கெனவே பூக்காரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க என்று பிரமு சொல்ல, மூன்று பேரும் அந்தக் கல்லில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கமிருந்து வாழைத்தார் லாரி வந்தது, மறுபக்கமிருந்து மினி பஸ் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று முறைக்காமல் ஆரன்கூட அடிக்காமல் கடந்தன. பஸ் வந்து நின்றது, படி வரைக்கும் கூட்டம் பிதுங்கியது. ஆவுடையப்பன் பட்டுச்சேலையைப் பார்த்தான், ஒரு நிமிஷம் அவனுக்குத் தன் வாக்கியம் மறந்துபோனது. பிறகு சொன்னான்.

"உள்ள வாங்க, உள்ள எடம் கெடக்கு."

பஸ்ஸுக்குள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீட்டையே நகர்த்தின சனம் அது. ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்கள், உள்ளே இடம் கிடந்தது.